மலைச்சாலைகளின் மன்னன் ஃபௌஸ்டோ கொப்பி

தொழில்முறை சைக்கிள் பந்தய வீரர் ஒருவர் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் செல்வார்? இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. சமவெளியில் கூட்டமாகச் செல்லும்போது இன்றைய வீரர்கள் 40 முதல் 45 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தொடுகிறார்கள். முடிவுக்கோட்டுக்கு முந்திய கடைசி 200 மீட்டரில் அந்த வேகம் 70-ஐ எட்டும். மலையிலிருந்து இறங்கும்போது 80, 90 என்று போய், சில இடங்களில் 100-ஐயும் தாண்டும். அதே வீரர் அதே மலையில் ஏறும்போதோ, 20 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே மூச்சிரைக்கப் போராடுவார்.

இந்த எண்களில் பந்தயத்தின் வெற்றியைத் தீர்மானிப்பது எது என்று கேட்டால், பலரும் 100-ஐத்தான் காட்டுவோம். ஆனால் பல நாள் நடக்கும் பெரும் பந்தயங்களைத் தீர்மானிப்பது அந்தச் சிறிய எண்ணான 20. இதை இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஐரோப்பாவில் தம் கால்களாலேயே காட்டியவர், இத்தாலியின் ஃபௌஸ்டோ கொப்பி. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்தாலியில் சைக்கிள் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையதுதான்.

இறைச்சிக் கடைப் பையன்

வட இத்தாலியில் கஸ்தெல்லானியா என்ற சிறிய மலைக்கிராமத்தில், 1919-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் கொப்பி பிறந்தார். ஒல்லியான உடல், நீண்ட கால்கள், கூட்டைப்போல் முன்தள்ளிய நெஞ்சு. பார்ப்பவர்கள் அவரை விளையாட்டு வீரர் என்று சொல்லமாட்டார்கள். எலும்புகளும் வலுவற்றவை. பிற்காலத்தில் தோள்பட்டை எலும்பு, இடுப்பெலும்பு என்று அவர் முறித்துக்கொண்டவற்றின் பட்டியல் நீளமானது.

படிப்பை விட்டு, பதின்ம வயதிலேயே பக்கத்து ஊரான நோவி லிகுரேயில் ஓர் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளில் சென்று வீடு வீடாக இறைச்சி கொடுத்துவர வேண்டும். கிராமத்திலிருந்து கடைக்கு வரவும் போகவும் மலைச்சாலை. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் கொடுத்த பணத்தில் முதல் பந்தய சைக்கிள் வந்து சேர்ந்தது. கொப்பிக்கு யாரும் பயிற்சித் திட்டம் எழுதித் தரவில்லை. அன்றாடப் பிழைப்பே மேடும் பள்ளமுமாக அமைந்துவிட்டது.

அந்த ஊரில் பியாஜோ கவான்னா என்றொருவர் இருந்தார். கண்பார்வையை இழந்தவர். வீரர்களின் உடலைப் பிடித்துவிடுவதும் பயிற்சி தருவதும் அவர் தொழில். இத்தாலியின் முந்திய தலைமுறை நட்சத்திரமான ஜிரார்தெங்கோவுக்குப் பயிற்சி தந்தவரும் அவரே. இளைஞர்களின் கால் தசையையும் முதுகையும் விரல்களால் தடவிப் பார்த்தே யார் தேறுவார் என்று கணிப்பார். கொப்பியைத் தொட்டுப் பார்த்த அந்த விரல்கள் ஏமாறவில்லை. உணவு, உறக்கம், பயிற்சி எல்லாவற்றிலும் கட்டுப்பாடான வாழ்க்கைக்குக் கொப்பியைப் பழக்கியவர் கவான்னாதான். கொப்பி இறக்கும்வரை அவர் கூடவே இருந்தார்.

உதவிக்குப் போனவர் வென்று வந்தார்

1940-ஆம் ஆண்டு, இத்தாலியைச் சுற்றிவரும் ஜிரோ பந்தயத்தில் லெஞ்ஞானோ குழுவுக்காகக் கொப்பி கலந்துகொண்டார். தலைமை வீரர் ஜினோ பர்த்தாலி. ஏற்கெனவே இரு முறை ஜிரோவையும் 1938-இல் டூர் டி பிரான்ஸையும் வென்றிருந்த பெரிய பெயர். இருபது வயதுக் கொப்பியின் வேலை அவருக்கு உதவுவது. தண்ணீர் கொண்டுவந்து தருவது, எதிர்காற்றில் முன்னால் சென்று மறைப்புக் கொடுப்பது, தேவையானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பது.

இந்த மறைப்பு என்பது என்ன? சமதரையில் சைக்கிள் ஓட்டுபவரின் முதல் எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த வேகத்தைத் தக்கவைக்கத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்காகும். அதனால்தான் 20-இலிருந்து 30-க்குப் போவது எளிது, 40-இலிருந்து 50-க்குப் போவது பெரும்பாடு. ஆனால் முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். சமவெளியில் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் கூட்டத்தை விட்டுத் தனியாகத் தப்பிச் செல்வது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பந்தயத்தின் இரண்டாம் நாளே பர்த்தாலி ஒரு நாயின்மீது மோதி விழுந்து காயமடைந்தார். சில நாள் கழித்து, ஃபுளோரன்ஸிலிருந்து மொதேனா செல்லும் கட்டத்தில் அபெத்தோனே மலை வந்தது. கொப்பி தனியாக முன்னேறினார். தலைமைச் சட்டை உதவி வீரரின் தோளுக்கு மாறியது. கடைசி வரை அதை அவர் விடவில்லை. மனம் வருந்தினாலும் பர்த்தாலியும் பின்னர் அவருக்கு உதவினார். ஜூன் 9-ஆம் நாள் மிலானில் பந்தயம் முடிந்தது. ஜிரோவை வென்றவர்களில் ஆக இளையவர் என்ற அந்தச் சாதனை இன்றும் கொப்பியின் பெயரில்தான் உள்ளது. மறுநாள், ஜூன் 10-ஆம் நாள், இத்தாலி போரில் இறங்கியது.

இருபது வயதில் உச்சத்தைத் தொட்ட ஒருவரின் மிகச் சிறந்த ஆண்டுகளைப் போர் எடுத்துக்கொண்டது. இராணுவத்தில் இருந்தபடியே அவர் செய்த ஒரு சாதனையை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒருவர் தனியாக எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பதுதான் அந்தப் போட்டி. மலையும் இல்லை, இறக்கமும் இல்லை, மறைப்புத் தர முன்னால் ஆளும் இல்லை. மனிதனுக்கும் காற்றுக்கும் இடையிலான நேரடிச் சண்டை. 1942-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், வான்தாக்குதலுக்கு உள்ளாகியிருந்த மிலான் நகரின் விகொரெல்லி ஓடுதளத்தில் கொப்பி சுமார் 45.8 கிலோமீட்டர் ஓட்டினார். பழைய சாதனையைவிட வெறும் 31 மீட்டர் அதிகம். அந்த வேகத்தில் 31 மீட்டர் என்பது இரண்டரை வினாடி. ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டி, இரண்டரை வினாடியில் வென்றார்! அந்தச் சாதனை 14 ஆண்டுகள் நின்றது. 1956-இல் பிரான்ஸின் ஜாக் ஆங்கெத்தில் அதை முறியடித்தார். (2022-இல் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் ஓட்டிய சைக்கிளையும் அணிந்த உடையையும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் செதுக்கியிருந்தார்கள். கொப்பியோ சாதாரண வளைந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.)

1943-இல் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, போர்க்கைதியாக இரண்டு ஆண்டுகள் கழித்தார். வீடு திரும்பியபோது வயது 25. இனி அவரால் முடியுமா என்று பலரும் ஐயப்பட்டார்கள். 1946 மார்ச்சில் நடந்த மிலான் – சான் ரெமோ பந்தயத்தில் பதில் கிடைத்தது. கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் பந்தயத்தில் ஆரம்பத்திலேயே கூட்டத்திலிருந்து பிரிந்த சிலருடன் கொப்பியும் சென்றார். துர்க்கீனோ கணவாயில் கடைசித் துணையையும் உதறிவிட்டுத் தனியாகப் பறந்தார். இரண்டாவதாக வந்தவரைச் சான் ரெமோவில் 14 நிமிடங்கள் காத்திருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரு சின்னக் கணக்கு

மாணவர்களே, இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். 15 கிலோமீட்டர் ஏற்றம், அடுத்து 15 கிலோமீட்டர் இறக்கம் என்று ஒரு மலை. ஏறும்போது மணிக்கு 18 கிலோமீட்டர், இறங்கும்போது 60 கிலோமீட்டர். சராசரி வேகம் என்ன? 18-ஐயும் 60-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 39 என்று எழுதினால் தவறு. ஏற 50 நிமிடம், இறங்க 15 நிமிடம், மொத்தம் 65 நிமிடத்தில் 30 கிலோமீட்டர். ஆகவே சராசரி வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர்கூட இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போவோம். ஒரு வீரர் ஏற்றத்தில் மற்றவரைவிட 10 விழுக்காடு வேகமாகச் சென்றால் அவருக்கு நாலரை நிமிடம் லாபம். அதே 10 விழுக்காட்டை இறக்கத்தில் கூட்டினால் கிடைப்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. அந்த லாபத்துக்காக ஒவ்வொரு வளைவிலும் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். வளைவில் வேகத்தை இரு மடங்காக்கினால், சாலையை விட்டு வழுக்காமல் இருக்க டயருக்கு நான்கு மடங்கு பிடிமானம் தேவை. ஈரமான கப்பிச் சாலையில் அந்தப் பிடிமானம் எங்கிருந்து வரும்?

ஏற்றத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வேகம் குறைவதால் காற்றின் எதிர்ப்பு சிறிதாகிவிடுகிறது. அப்போது பின்னால் ஒட்டி வருபவருக்கு மறைப்பினால் பெரிய பயன் இல்லை. எதிரி இப்போது புவியீர்ப்பு. அவரவர் உடல் எடையையும் சைக்கிளின் எடையையும் அவரவரே தூக்கிச் செல்ல வேண்டும். உதவிக்கு ஆளில்லாத அந்த இடத்தில்தான் கொப்பி தமக்கென ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். சீட்டிலிருந்து எழாமல், உடலை ஆட்டாமல், ஒரே சீராக மிதித்துக்கொண்டு போவாராம். பர்த்தாலி திடீர் திடீரென்று எழுந்து பாய்வார். கொப்பி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார். பின்னால் வருபவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள்.

ஐந்து கணவாய்கள், 192 கிலோமீட்டர்

1949-ஆம் ஆண்டு ஜூன் 10. ஜிரோவின் 17-ஆம் கட்டம், கூனியோவிலிருந்து பினெரோலோ வரை 254 கிலோமீட்டர். நடுவே மத்தலேனா, வார்ஸ், இஸோவார், மோன்ஜெனேவ்ர், செஸ்திரியேரே என்று ஐந்து ஆல்ப்ஸ் கணவாய்கள். இவற்றில் இஸோவார் 2,360 மீட்டர் உயரம். நம் கெந்திங் உச்சி 1,800 மீட்டரைத் தொடாது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த உயரம் புரியும். சாலைகளோ பல இடங்களில் தார் காணாதவை. பனி உருகிய சேறும் கல்லும் நிறைந்தவை. சைக்கிளின் எடை சுமார் 10 கிலோ. இன்றைய விதிப்படி 6.8 கிலோ இருந்தால் போதும். பின்சக்கரத்தில் இன்று 11, 12 பற்சக்கரங்கள் உண்டு, அன்று நான்கைந்துதான்.

முதல் கணவாயான மத்தலேனாவிலேயே கொப்பி கிளம்பிவிட்டார். முடிவுக்கோட்டுக்கு இன்னும் 192 கிலோமீட்டர் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் தூரம் அது, ஏறக்குறைய. நடுவே இன்னும் நான்கு மலைகள். இவ்வளவு சீக்கிரம் தனியாகப் போவது அறிவீனம் என்றுதான் எந்தக் குழு மேலாளரும் சொல்லியிருப்பார். பர்த்தாலி துரத்தினார். அவருக்கு அப்போது வயது 34. மலையில் அவரை வெல்ல யாருமில்லை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கணவாயிலும் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

9 மணி 19 நிமிடம் 55 வினாடி கழித்துக் கொப்பி பினெரோலோவை அடைந்தார். பர்த்தாலி வந்து சேர்ந்தது 11 நிமிடம் 52 வினாடிக்குப் பிறகு. மூன்றாமவருக்கு 19 நிமிடங்களுக்கும் மேல் ஆனது. கொப்பியின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 27 கிலோமீட்டர். மேலே நாம் போட்ட கணக்கின் விடைக்குப் பக்கத்தில்தான் வருகிறது, பார்த்தீர்களா? வெறும் எண்ணாகப் பார்த்தால் 27 ஒன்றும் பெரிதில்லை. பூங்காவில் நல்ல சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர் சில நிமிடங்களுக்கு அந்த வேகத்தைத் தொட்டுவிடலாம். அந்த எண்ணுக்குள் ஐந்து மலைகள் இருந்தன என்பதுதான் வேறுபாடு. இத்தாலிய எழுத்தாளர் தீனோ புத்ஸாத்தி அந்த ஜிரோவைப் பின்தொடர்ந்து நாளிதழுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் இந்த இருவரையும் கிரேக்க இதிகாசத்தின் அக்கிலீஸோடும் ஹெக்டரோடும் ஒப்பிட்டார்.

அதே ஆண்டு ஜூலையில் டூர் டி பிரான்ஸ். சான் மாலோ செல்லும் நீண்ட கட்டத்தில் விழுந்து சைக்கிள் உடைந்தது. மாற்று சைக்கிள் வரத் தாமதமானது. மனம் உடைந்த கொப்பி, பந்தயத்தை விட்டு விலகப் போவதாகவே இருந்தார். முதலிடத்தில் இருந்தவரைவிட அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். குழு மேலாளர் அல்ஃப்ரேதோ பிந்தாவும் சக வீரர்களும் அவரைத் தேற்றித் தொடரவைத்தார்கள். ஆல்ப்ஸ் வந்தது. இழந்த நேரமெல்லாம் திரும்பி வந்தது. பாரிஸில் பர்த்தாலியைவிட 10 நிமிடம் 55 வினாடி முன்னிலையில் பந்தயத்தை முடித்தார். ஒரே ஆண்டில் ஜிரோவையும் டூரையும் வென்ற முதல் மனிதர் அவரே.

அந்த டூரின் மொத்தத் தூரம் 4,808 கிலோமீட்டர்; வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். 2022-இல் வென்ற டென்மார்க் வீரர் யோனஸ் விங்கெகோ ஓட்டியது சுமார் 3,350 கிலோமீட்டர், சராசரி 42. இந்தப் பத்துக் கிலோமீட்டர் வித்தியாசத்தை மனிதனின் கால் மட்டும் சம்பாதிக்கவில்லை. தார்ச்சாலை, இலேசான சைக்கிள், குறைந்த தூரம், உணவு அறிவியல் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு.

அழுத உதவி வீரர்

1951-ஆம் ஆண்டு கொப்பிக்கு இருண்ட ஆண்டு. தம்பி செர்ஸேயும் பந்தய வீரர். 1949-இல் பாரிஸ் – ரூபே பந்தயத்தில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். அண்ணனுக்கு நிழல்போல் இருந்தவர். ஜூன் மாதக் கடைசியில் தூரின் நகரத்தில் ஒரு பந்தயத்தின் முடிவில், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கிச் செர்ஸே விழுந்தார். எழுந்து பந்தயத்தை முடித்து விடுதிக்கும் போனார். தலையில் பட்ட அடி உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. அன்றிரவே உயிர் பிரிந்தது. மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. ஊருக்குள் இருக்கும் சாதாரணச் சமதரை. அந்தக் காலத்து வீரர்கள் பெரும்பாலும் தலைக்கவசம் அணிவதில்லை. கொப்பி சில நாளிலேயே டூர் பந்தயத்துக்குப் போனார், ஆனால் மனம் அங்கே இல்லை.

மறு ஆண்டு மீண்டு வந்தார். 1952 டூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நான் படித்த விளையாட்டுக் கதைகளிலேயே ஆக இனிமையானது என்று சொல்வேன். கொப்பியின் உதவி வீரர்களில் ஒருவர் ஆண்ட்ரியா கர்ரேயா. லொசான் நகரில் முடிந்த கட்டத்தில், முன்னே தப்பிச் சென்ற ஒரு கூட்டத்தைக் கண்காணிக்க அவரும் கூடவே சென்றார். அந்தக் கூட்டம் பல நிமிடங்கள் முன்னதாக வந்துவிட, மஞ்சள் சட்டை கர்ரேயாவுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். உலகமே கனவு காணும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் அழுதார். தலைவரின் இடத்தைத் தாம் எடுத்துக்கொண்டுவிட்டோமே என்று கொப்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். கொப்பி கோபப்படவில்லை.

மறுநாள், ஜூலை 4. டூர் வரலாற்றில் முதன்முறையாக ஒரு கட்டம் மலையுச்சியில் முடிந்தது. இன்று உலகப் புகழ்பெற்ற ஆல்ப் தூயேஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலை. ஏறக்குறைய 14 கிலோமீட்டரில் 1,100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பிரான்ஸின் ஷான் ரோபிக் முதலில் பாய்ந்தார். கொப்பி அவரைப் பிடித்தார், சிறிது தூரம் சேர்ந்து சென்றார், பிறகு வழக்கம்போல் வேகத்தைக் கூட்டினார். 45 நிமிடம் 22 வினாடியில் உச்சி. மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். 100 மீட்டரை 20 வினாடியில் கடக்கும் வேகம் அது. பள்ளித் திடலில் உங்களில் பலர் 100 மீட்டரை அதைவிட வேகமாக ஓடுவீர்கள். ஆனால் முக்கால் மணி நேரம், மேல்நோக்கி, 250 கிலோமீட்டர் பயணத்துக்குப் பிறகு என்று சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் சட்டை கர்ரேயாவிடமிருந்து கொப்பிக்குப் போனது. இருவருக்குமே நிம்மதி!

1990-களில் அதே மலையை இத்தாலியின் மார்கோ பந்தானி 37 நிமிடங்களுக்குச் சற்று மேல் எடுத்து ஏறினார். மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். அது ஊக்கமருந்து இந்த விளையாட்டைச் சூழ்ந்திருந்த காலம் என்பதால் அந்த எண்ணை முழு மனத்தோடு பாராட்ட முடிவதில்லை. கொப்பியின் காலமும் தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. அன்று தடை ஏதும் இல்லை. ஊக்கம் தரும் மாத்திரைகளைத் தாம் பயன்படுத்தியதைக் கொப்பியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவரைப் போற்றுபவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த 1952 டூரைக் கொப்பி 28 நிமிடம் 17 வினாடி வித்தியாசத்தில் வென்றார். முதலிடத்துக்குப் போட்டியே இல்லாமல் போனதால், மற்றவர்கள் சோர்ந்துவிடக் கூடாது என்று ஏற்பாட்டாளர்கள் இரண்டாம் இடத்துக்கான பரிசுத் தொகையைக் கூட்ட வேண்டியதாயிற்று. கொப்பியும் பர்த்தாலியும் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் புகழ்பெற்ற புகைப்படமும் அந்தப் பந்தயத்தில் எடுத்ததுதான். யார் யாருக்குக் கொடுத்தார் என்று இத்தாலியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்தெல்வியோ

1953 ஜிரோ. சுவிட்சர்லாந்தின் ஹூகோ கோப்லே முன்னணியில் இருந்தார். ஜிரோவை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். இறக்கத்தில் அச்சம் அறியாதவர். பந்தயம் முடிய இரண்டே நாள் இருக்க, கொப்பி 1 நிமிடம் 59 வினாடி பின்தங்கியிருந்தார். எல்லாம் முடிந்தது என்று செய்தியாளர்கள் எழுதத் தயாரானார்கள். ஆனால் அடுத்த நாள் பாதையில், ஜிரோ அதுவரை ஏறியிராத ஸ்தெல்வியோ கணவாய் இருந்தது. 2,758 மீட்டர் உயரம், அடிவாரத்திலிருந்து சுமார் 24 கிலோமீட்டர், 48 வளைவுகள். சாலையின் இருபுறமும் பனிச்சுவர்.

கொப்பி ஏற்றத்தில் பிரிந்து சென்றார். கோப்லே தொடர முடியாமல் பின்தங்கினார். உச்சியைத் தாண்டியதும் இழந்த நேரத்தை இறக்கத்தில் மீட்கப் பாய்ந்தார், வளைவில் விழுந்தார். கணக்கு அவருக்கு எதிராக இருந்தது. ஏற்றத்தில் நிமிடங்களாக இழந்ததை இறக்கத்தில் வினாடிகளாகத்தான் திரும்பப் பெற முடியும். போர்மியோவில் முடிந்த அந்த ஒரே கட்டத்தில் கோப்லேயைவிட 3 நிமிடம் 28 வினாடி முன்னதாக வந்து, மொத்தத்தில் 1 நிமிடம் 29 வினாடி வித்தியாசத்தில் கொப்பி தம் ஐந்தாவது ஜிரோவை வென்றார். ஐந்துக்கு மேல் இன்றுவரை யாரும் வென்றதில்லை. அந்தக் கோடையிலேயே லுகானோவில் உலகச் சாம்பியன் பட்டமும் ஆறு நிமிடங்களுக்கும் மேலான முன்னிலையில் கைக்கு வந்தது.

அதன்பின் இறங்குமுகம். மணமான ஒரு பெண்ணுடன் அவர் வாழத் தொடங்கியது அன்றைய இத்தாலியச் சட்டப்படி குற்றம். வழக்கு, நீதிமன்றம், ஒத்திவைக்கப்பட்ட தண்டனை, பத்திரிகைகளின் வசை என்று ஆண்டுகள் போயின. கால்களில் வேகம் குறைந்தபோதும் அவர் ஓட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு காலத்தில் மற்றவர்களைக் கழற்றிவிட்டுச் சென்ற மலைகளில், இப்போது அவரே கழன்று பின்னால் வந்தார்.

1959 டிசம்பரில், இன்று புர்க்கினா ஃபாசோ எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக்குச் சில பிரெஞ்சு வீரர்களோடு காட்சிப் பந்தயத்துக்கும் வேட்டைக்கும் போனார். கொசு கடித்தது. திரும்பி வந்ததும் கொப்பிக்கும் நண்பர் ரஃபயேல் ஜெமினியானிக்கும் கடுமையான காய்ச்சல். பிரான்ஸில் ஜெமினியானியின் இரத்தத்தைச் சோதித்து மலேரியா என்று கண்டுபிடித்து, கொய்னா மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். இத்தாலியில் கொப்பிக்கு வந்த நோயை மருத்துவர்கள் அடையாளம் காணவில்லை. 1960 ஜனவரி 2-ஆம் நாள் தொர்த்தோனா மருத்துவமனையில், 40 வயதில் அவர் காலமானார். கஸ்தெல்லானியாவில் தம்பி செர்ஸேக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கிராமம் 2019-இல், அவர் பிறந்த நூற்றாண்டில், தன் பெயரைக் கஸ்தெல்லானியா கொப்பி என்று மாற்றிக்கொண்டது. 1965-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜிரோவிலும், அந்த ஆண்டுப் பாதையிலேயே ஆக உயரமான இடத்துக்குக் கொப்பி சிகரம் என்று பெயர். முதலில் அதைக் கடப்பவருக்குத் தனிப் பரிசு உண்டு. ஸ்தெல்வியோ பாதையில் இருக்கும் ஆண்டுகளில் அந்தப் பெயர் வேறெந்த மலைக்கும் போவதில்லை.